செங்டூவில் ஓடும் கார்கள்

கஜந்தி மருத்துவம் படிக்கச் சீனாவுக்கு விமானம் ஏறியது ஒரு புதன்கிழமை. அன்று அவளுடைய அப்பா தருமராசா சிட்னியில், மெரிலேண்ட்ஸ் கார் கழுவுமிடத்தில், சவர்க்கார நுரைக்குள் நின்றார். மனைவி சிவசோதி கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வீடியோ அழைப்பில் போனை உயர்த்திப் பிடித்தாள். மகளின் முதுகும் சிவப்புப் பெட்டியும் தெரிந்தன, அவ்வளவுதான். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறியபோது பிள்ளைக்கு ஆறு வயது. அவருக்குக் கிடைத்த விசாவில் வெளியே போனால் திரும்பி வர வழியில்லை.

செங்டூ நகரத்திலிருந்து படங்கள் வந்தன. பாலம், மழை, தெரு. எதிலும் அவள் இல்லை. 'உன்ரை முகத்தை அனுப்பு' என்று எழுதுவார், அழித்துவிடுவார். கேட்கிற உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் படத்திலிருந்த கார்களைப் பார்த்தார். நாள் முழுக்க நம்பர் பிளேட் துடைக்கிறவருக்கு வேறென்ன கண்ணில் படும்?

கூட வேலை செய்யும் சீனாக்காரன் லியூ விளக்கினான். முதலில் நிற்பது மாகாணத்துக்கான ஒற்றைச் சீன எழுத்து. அடுத்த ஆங்கில எழுத்து நகரம். ஏ என்றால் பெரும்பாலும் அந்த மாகாணத்தின் தலைநகரம். செங்குத்தாக மூன்று கோடு இருந்தால் செங்டூ இருக்கிற சிச்சுவான். சில மாகாணங்களுக்குப் பெயரிலுள்ள எழுத்தே; சாண்டோங்குக்கோ என்றோ மறைந்துபோன ஒரு ராச்சியத்தின் பெயர்.

ஒரு நாள் வந்த படத்தில் முன்னால் நின்ற கார் யுன்னான் மாகாணத்தது. படிப்பை விட்டுவிட்டாளா? தருமராசா உடனே அழைத்தார்.

"யுன்னானுக்கு ஏன் பிள்ளை போனனீ?"

"நான் ஒரு இடமும் போகேல்லை. கார் பதிஞ்சது அங்கை, ஓடுறது இங்கை. உங்கட ரோட்டிலை பக்கத்து மாநிலத்து விக்ரோரியாக் கார் ஓடுறேல்லையோ?"

"ஓடும்தான்."

"பிறகென்ன? படம் அனுப்பினால் காரைத்தான் பார்ப்பியளோ?"

"நீ நிண்டால் உன்னைப் பார்ப்பன்."

வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நம்பர் பிளேட்டுகள் மட்டும் வந்தன, கிட்டப் பிடித்த படங்களாக. 'ஹுனான்' என்று பதில் போடுவார். 'குவாங்டோங்' என்பார். பதில் பிழையென்றால் சிரிக்கும் முகம் ஒன்று வரும். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அதுதான். பிறகு பரீட்சை வந்தது, அதுவும் நின்றது. ஒவ்வொரு காருக்கும் நடுவில் ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்துப் போனை எடுத்துப் பார்ப்பார்.

அடுத்த குளிர்காலத்தில், தேத்தண்ணி குடிக்க ஒதுங்கியபோது, செய்தி வந்தது.

"அப்பா, உங்கட ஊர் நம்பர் பிளேட் ஒண்டும் நான் கண்டதில்லை. ஒரு படம் அனுப்புங்கோ. பக்கத்திலை நீங்களும் நில்லுங்கோ."