டாக்டரிடம் நான் சொன்ன பொய்

2009-இல் என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்புக்கு முந்தின வாரம், அவளுடைய செக்கப்புக்காகச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறிப் போனேன்.

"சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா, பயமா இருக்கு" என்று தனியாக அழைத்துச் சொன்னாள்.

"மெதுவாப் பேசுடி. நெஞ்சு நோவுக்காரிய தலையில கட்டிட்டோம்னு உங்க மாமியார் சொல்லுவாங்க" என்று அடக்கினேன்.

டாக்டர் அறைக்குச் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். "வேற தொந்தரவு ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் மகளைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கா" என்று முந்திக்கொண்டேன்.

நாங்கள் எழுந்தோம். சம்பந்தியம்மா எழவில்லை.

"இல்லீங்க டாக்டர். பத்து நாளா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுதான் மாடிப்படி ஏறுது. நல்லாப் பாருங்க" என்றவர், என்னிடம் திரும்பி, "என்னா சம்பந்தி, எங்ககிட்ட மறைக்கிற விஷயமா இது? எங்க வூட்டுப் புள்ளைங்க அது" என்றார்.

டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் பிரசவத்தைத் தாங்கியிருக்க மாட்டாளாம். அன்றே படுக்கவைத்து ரத்தம் ஏற்றினார்கள். பிறகு குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும், என் பேச்சை நம்பி டாக்டர் அனுப்பியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

மகள் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனில் எப்போது விசாரித்தாலும், "நல்லா இருக்கேம்மா" என்கிறாள். அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தானே. அதனால் அவளிடம் பேசி முடித்ததும், சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து உண்மையைக் கேட்டுக்கொள்கிறேன்.