பூ இல்லாத வாசனை

நான் செய்த வாசனைத் தண்ணீரை எங்கள் வீட்டில் ஐந்து பேர் பூசிப் பார்த்தோம். நால்வர் பூசியது தெருவுக்கே தெரியும். ஐந்தாவது ஆள் பூசியது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. வாழ்க்கைப்பட்ட ஊர் செலியமேடு. நெல்லும் கரும்பும் வைக்கும் குடும்பம். பிறந்த ஊர் வில்லியனூர். அப்பா அங்கே நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வேரையும் பட்டையையும் முகர்ந்தே பெயர் சொல்லுவேன். அந்த மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. புகுந்த வீட்டில் மாமியார், என் கணவர், கொழுந்தன், மூத்த ஓரகத்தி. கொழுந்தன் பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் கொம்யூன் ஆபீஸில், குமாஸ்தா. ஓரகத்தி என் கணவருடைய அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் விஷக்காய்ச்சலில் போய் நான்கு வருடம். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

கொழுந்தன் ஒருநாள் ஆபீஸிலிருந்து ஒரு காலிப் புட்டியைக் கொண்டுவந்தான். ஓதிகொலோன் என்று துரை வீட்டில் பூசிக்கொள்ளும் வாசனைத் தண்ணீர்ப் புட்டி. மூடியைத் திறந்தால் அடியில் இன்னும் வாசனை இருந்தது.

"துரையும் துரைசானியும் ஒரே புட்டியிலேர்ந்துதான் பூசிக்கிறாங்க அண்ணி" என்றான்.

நாங்கள் சிரித்தோம். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குப் பூ, ஆண்பிள்ளைக்குச் சந்தனமும் சவ்வாதும் என்று ஏற்கெனவே பாகம் பிரித்தாகிவிட்டது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வாசனை என்பதே வேடிக்கையாக இருந்தது. ஆனால் எனக்குக் கை துறுதுறுத்தது. அப்பா கடையிலிருந்து வெட்டிவேர், விலாமிச்சை, கோரைக்கிழங்கு எல்லாம் வரவழைத்தேன். மரிக்கொழுந்தும் துளசியும் கொல்லையிலேயே இருந்தன. கொழுந்தன் யாருக்கும் தெரியாமல் கடைச் சாராயம் வாங்கித் தந்தான். எல்லாவற்றையும் ஜாடியில் ஊறப்போட்டு நெல்லுக் குவியலுக்குள் புதைத்து வைத்தேன். இருபது நாள் கழித்து வடிகட்டினால் மங்கிய பச்சையில் ஒரு தண்ணீர்.

மாமியார் கையில் ஒரு சொட்டு விட்டேன். முகர்ந்துவிட்டு, "புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற கசாயம் மாதிரி இருக்குது" என்று முந்தானையில் துடைத்தார். என் கணவர் பூசிய நிமிஷத்திலிருந்து தும்மினார். கொழுந்தன், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அண்ணனைக் கிண்டலடித்துவிட்டுத் தன் சட்டையில் தாராளமாகத் தெளித்துக்கொண்டான். எனக்கே அது முதலில் பிடிக்கவில்லை. முதல் நாழிகை சாராய நெடி, அப்புறம் மருந்து நெடி. அது இரண்டும் போன பிறகுதான், அப்போதுதான் குளித்து வந்த ஆளின் கழுத்தில் இருக்குமே, அப்படி ஒரு வாசனை மிஞ்சும். பொறுமையுள்ளவர்களுக்கான சரக்கு.

கொழுந்தன் தினமும் பூசினான். அவன் தெருமுனையில் வரும்போதே, "மேரிக்காரர் வராரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது அவனுடைய வாசனையாகவே ஆகிவிட்டது. மாமியார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது அவனோட நிக்கட்டும். தாலியறுத்தவ இருக்கற வூடு. சுமங்கலி கையால அவளுக்குச் சிங்காரிச்சா, சிங்காரிச்சவளுக்கும் அந்தக் கதிதான்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினவள் சும்மா இருந்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பூ இல்லை, மஞ்சள் இல்லை, சந்தனம் இல்லை. நெல் அவிக்கும்போது நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். என் தலையில் மல்லிகை, அவள் தலையில் புகை. அது எனக்கு உறுத்தியது. உறுத்தியது என்று சொன்னால் நல்லவள் போலத் தெரியும். உண்மையில் என் சரக்கை மெச்சுகிற ஆள் இன்னொருத்தர் வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. ஒரு மத்தியானம் கொல்லையில் வைத்து அவளிடம் புட்டியை நீட்டினேன்.

"வேணாண்டி. அத்தைக்குத் தெரிஞ்சா வம்பு" என்றாள்.

"இதுல பூவே இல்லக்கா. எல்லாம் வேரும் தழையும். மருந்துக்கு விலக்கு உண்டா?"

அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. அவள் கையைப் பிடித்து, பிடரியில் நானே ஒரு சொட்டு தடவிவிட்டேன். அவள் பிடரியைத் தொட்டு விரலை முகர்ந்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதன்பின் வாரத்துக்கு ஒருநாள், குளித்துவிட்டு வந்ததும் என் பக்கம் பார்ப்பாள். நான் தடவிவிடுவேன். எனக்குப் பெருமை தாங்காது.

தை அறுவடையில், களத்தில் மாமியார் நெல்லுக் கூடையைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. குனிந்து அவள் பிடரியை முகர்ந்தார். ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், கணவரையும் கொழுந்தனையும் நிற்க வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சின்னவன் மேல அடிக்கிற வாசன இவ கழுத்துல எப்பிடி வந்துது?"

கொழுந்தன் ஓரடி பின்வாங்கினான். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அண்ணிதான் செய்யிறாங்க, அவங்களக் கேளு" என்றான். நியாயமான பேச்சு. மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நீ குடுத்தியா?"

அப்போது எனக்கு நாலு மாதம். மாமியார் சொன்ன அந்தக் கதி நினைவுக்கு வந்தது. என் கணவர் முகத்தைப் பார்த்தேன். வயிற்றோடு என்னை வில்லியனூருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இத்தனை காரணமும் இப்போது உட்கார்ந்து அடுக்குகிறேன். அன்று ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

"இல்ல அத்தை" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நானேதான் எடுத்துப் பூசிக்கினேன்" என்றாள்.

"யாருக்காகப் பூசிக்கின?"

அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்லுவாள்? எனக்காக என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் யார் காதில் ஏறும்? நான் என் கையால் தடவினேன், அவள் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள் என்று நான் வாய் திறந்திருந்தால், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. திட்டு எனக்கு விழுந்திருக்கும், பத்து நாளில் தணிந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே நாலு முழ தூரம்கூட இல்லை.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் செல்லிப்பட்டிலிருந்து வண்டி கட்டி வந்து கூட்டிக்கொண்டு போனார். கொழுந்தனுக்கு அவசரமாகப் பெண் பார்த்து முடித்தார்கள். ஆண்பிள்ளைக்குக் கல்யாணத்தோடு கறை போய்விட்டது. அவள் பேரில் மட்டும் ஊர் பேசிக்கொண்டே இருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடம் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவள் என் மேல் வைத்த பிரியத்தால், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று இரங்கி, பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை வில்லியனூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மனசு கேட்காமல் செல்லிப்பட்டுக்குப் போனேன். ஆற்றங்கரைத் தோட்டத்தில் கத்திரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நான் அழுதுகொண்டே அந்தச் சமாதானத்தை அவளிடமே சொன்னேன்.

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கோபமே இல்லை.

"உன்னக் காப்பாத்தணும்னுல்லாம் நான் சொல்லலடி. நீ இல்லன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் நீதான் குடுத்தன்னு நான் சொன்னா எம் பேச்ச அங்க யாரு நம்புவாங்க? அதான் அப்பிடிச் சொன்னேன்."

குனிந்து அடுத்த பாத்திக்கு மடை திறந்துவிட்டாள்.

"அண்ணன் ஒருவேள சோறாச்சும் போடறாரு, அது கெடக்கட்டும்" என்றாள். "அத்தை என்ன அப்பிடிப்பட்டவன்னு நெனச்சிக்கினே சாவக்கூடாது. அவரு போன பின்னாடியும் என்னத் தொரத்தாம வச்சிக்கினவங்க, எனக்குன்னு இருந்தது அவங்க ஒருத்தருதான். இப்பவாச்சும் சொல்றியா?"

சொல்லுகிறேன் என்றேன். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

செலியமேட்டுக்குத் திரும்பியதும் மாமியாரே பேச்சை எடுத்தார். "வில்லியனூரு வரைக்கும் போனியே, பெரியவள ஒரு நட பார்த்துட்டு வந்தா இன்னா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அதைவிட நல்ல வேளை எனக்கு வாய்க்காது. என் மகன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். கணவர் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேரமில்ல அத்தை" என்றேன்.

அந்த ஐப்பசி மழையில் மாமியார் படுத்தார், பத்தே நாளில் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு அக்கா நனைந்துகொண்டு நடந்தே வந்தாள். பந்தலுக்குள் நுழைந்தவள் நேரே பிணத்தண்டை போகவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, என் தோளைப் பிடித்து, காதோடு கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

"உன்னக் கூட்டிக்கினு வரணும்னு சொன்னாங்க."

அதன் பிறகுதான் அவள் போய் மாமியார் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.