கட்டு அவிழ்ந்த கண்மாய்

பரளச்சிக்குக் கிழக்கே, கரிசல் நடுவே, ஒரு கண்மாய் உண்டு. அதனுள் அடர்ந்திருந்த கருவேல மரங்களில், மழை பொய்க்காத ஆண்டுகளில், அரிவாள்மூக்கன்களும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. 1944ஆம் ஆண்டு மார்கழியில் அங்கு வந்த தாவீதுராஜ், அந்தப் பறவைகளைக் காப்பாற்றவே வந்தார். அதில் ஐயமில்லை.

மல்லாங்கிணற்று மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன் அவர். சென்னையில் விலங்கியல் படித்துத் தேறி, எம்.எஸ்ஸி. பட்டத்துக்கான ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். அக்கண்மாயின் மீன் குத்தகைக்காரர் தங்கசாமி, பறவைகள் மீனையெல்லாம் தின்றுவிடுவதாகவும் மரங்களை வெட்ட உத்தரவு வேண்டுமென்றும் மனு கொடுத்திருந்தார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய யுத்தகாலம் அது. கருவேலங்கரிக்கு நல்ல கிராக்கி. பறவைகள் உண்பது மீனன்று என நிறுவிவிட்டால் மனு தள்ளுபடியாகும், மரங்கள் பிழைக்கும் என்பது தாவீதுராஜின் கணக்கு. பேராசிரியரும் இசைந்தார். ஆனால் இரைப்பையை அறுத்து, உள்ளிருப்பதைக் குப்பியிலிட்டுக் காட்டாத எதையும் அவர் ஆராய்ச்சி என ஏற்பவரல்லர். ஆகவே தாவீதுராஜ் துப்பாக்கியோடு வந்தார்.

முதற்கூடு கட்டிய நாள்தொட்டுக் கடைசிக் குஞ்சு பறக்கும்வரை அவ்வூரில் ஒருவரும் பறவைமேல் கல்லெறிவதில்லை. கல்யாணத்துக்குக்கூட வேட்டுப் போடுவதில்லை. மீறியவர் வீட்டில் எவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். இதற்கு ஊர்க்கட்டு என்று பெயர். ஊர்ப் பெரியவர் சோலைச்சாமியிடம் சென்ற தாவீதுராஜ், தமக்கு மட்டும் விலக்குக் கேட்டார்.

"ஒங்களுக்கு மட்டும்னா எப்பிடி தம்பி? கட்டுன்னா எல்லாருக்கும் கட்டு. அவுத்தா எல்லாருக்கும் அவுந்துரும்."

"நான் திங்கவாய்யா சுடுறேன்? இதுகளக் காப்பாத்தத்தான்."

"சுட்டுக் காப்பாத்துற படிப்பா!" சோலைச்சாமி அருகிலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இது தெரியாம நாங்க இத்தன காலமா சும்மா இருந்துட்டமேப்பா."

தாவீதுராஜ் சிரிக்கவில்லை. மனுவைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். மரம் போய்விடும் என்றதும் சோலைச்சாமியின் முகம் மாறியது. "சரி, அவுத்துர்றோம். பெறகு எங்களக் குத்தஞ்சொல்லப்படாது" என்றார்.

அன்று மாலை தெருத்தெருவாகத் தண்டோரா ஒலித்தது. மறுநாள் தாம் சுடப்போவதால் ஆடு மேய்ப்பவர்களை எச்சரிக்கிறார்கள் என்று தாவீதுராஜ் எண்ணிக்கொண்டார். சோலைச்சாமி சொன்னது அவர் காதில் விழாமலில்லை; படித்தவருக்குரிய விலக்கு எந்தச் சட்டத்திலும் உண்டு என்று எண்ணுவது அவர் பழக்கம்.

விடியலில் அவர் சில பறவைகளைச் சுட்டார். வெயில் ஏறுமுன் ஊரே கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. கவணும் வலையும் தொரட்டியுமாக வந்தார்கள். கம்பு, சோளம்கூட ரேஷனில் அளந்து கிடைத்த காலம். ஒருவர் முகத்திலும் விளையாட்டு இல்லை.

"நிறுத்துங்க! கூட்டுல குஞ்சு இருக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினார் தாவீதுராஜ்.

முத்துப்பேச்சி என்ற கூலிக்காரப் பெண் இரு கைகளிலும் கொக்குகளைத் தொங்கவிட்டபடி எதிரே வந்தாள். "நீங்க சுட்டதுக்குக் குஞ்சு இல்லையாக்கும்? அதோட வயித்துல என்ன இருக்குன்னு பாக்க மெட்ராஸ்லருந்து வந்தீக. எம்பிள்ளைக வயித்துல என்ன இருக்குன்னு நான் பாக்க வேண்டாமா? வழிய விடுங்க."

அவர் வழிவிட்டார்.

அறுத்த இரைப்பைகளில் வெட்டுக்கிளியும் நண்டும் தவளையுமே இருந்தன. மீன் மிகச் சொற்பம். ஆய்வுரை பிழையின்றி அமைந்தது. 'இப்பறவைகள் உழவுக்கு நன்மையே செய்வதால் இக்குடியிருப்பு காக்கப்பட வேண்டும்' என்பது அதன் முடிவு. பட்டம் கிடைத்தது. அடுத்த மார்கழியில் கண்மாய் நிறையப் பெருகியும் ஒரு பறவைகூட அடையவில்லை. பறவையில்லாத மரங்களை வெட்ட உத்தரவு கிடைத்து, தங்கசாமி அவற்றை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தார். ஆய்வுரையோடு போய் நின்ற தாவீதுராஜிடம் அவர் கோபப்படவில்லை. "மீனத் திங்காதுன்னு நிரூபிச்சுட்டீக. ஒத்துக்கிடுதேன் சார். பறவை எங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேறொரு கண்மாயிலும் இதே ஆய்வை நடத்தினால் மேற்பட்டத்துக்கு வழியுண்டு என்றார் பேராசிரியர். தாவீதுராஜ் மறுத்துவிட்டு, அருப்புக்கோட்டைப் பள்ளியொன்றில் ஆசிரியரானார்.

1948இல், அதே பேராசிரியரின் புதிய மாணவர் செல்வதுரை என்பவர் நீண்ட பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு அவரைத் தேடி வந்தார். பள்ளி விட்டு வந்த தாவீதுராஜை பஸ் நிலையத்தில் மடக்கி, இப்பக்கம் பறவை அடையும் கண்மாய் வேறு ஏதேனும் உண்டா என்று விசாரித்தார். திருச்சுழிக்கு அப்பால் ஒரு கண்மாயில் கொக்குகள் கூடு கட்டத் தொடங்கியிருப்பதைத் தாவீதுராஜ் அறிவார்.

"கிடையாது" என்றார்.

"பரவாயில்ல சார். ஊர் ஊராக் கேட்டுப் பாக்கேன். திருச்சுழி பஸ்ஸு எங்க நிக்கும்?"

தெரியாது என்றார் தாவீதுராஜ். அந்த பஸ் அவர்களுக்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தது.