நசீமா அக்கா கேட்ட கடிதம்

கடந்த வியாழக்கிழமை காலை, பாலையூற்று வீட்டில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நசீமா அக்காவின் மகள். "அங்கிள், உம்மா மௌத்தாகிட்டா" என்றாள். நசீமா அக்கா இறந்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொண்டுவருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தவன் நான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த நசீமா அக்கா அவர்கள், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள எங்கள் மொழிபெயர்ப்பு அறையில் பத்தொன்பது வருடம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். கப்பல் காகிதம், நீதிமன்றக் கட்டளை, ஆஸ்பத்திரித் துண்டு என்று எது வந்தாலும் இருவரும் பங்குபோட்டுக்கொள்வோம். மொழிபெயர்த்ததைச் சொந்தக்காரருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் முத்திரை குத்த அவர் விட்டதேயில்லை. எனக்கு அது பெரிய தொல்லை. வாசலில் ஆட்கள் காத்துக் கிடக்க, இவர் ஆறுதலாக வாசித்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தொல்லைதான் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. தோப்பூர்க்காரர் ஒருவர், கப்பலில் வேலை செய்த சான்றிதழை உள்ளூர் வேலையொன்றுக்காகத் தமிழாக்கக் கொண்டுவந்தார். அதில் 'டிஸ்சார்ஜ்' என்ற வினைச்சொல் இருந்தது. கடமையைத் திறம்பட ஆற்றினார் என்பதை, கடமையிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதிவிட்டேன். அக்கா வாசித்ததும் மனிதர் பாய்ந்து எழும்பினார். "ஆர் என்னை நிப்பாட்டினது? நான் நல்ல பேரோட வந்தனான்!"

அக்கா என்னைத் திட்டவில்லை. "தம்பி, இந்தச் சொல்லக் கண்டா அவசரப்படாதீங்க. ஆர் செய்றாங்க, எதைச் செய்றாங்க எண்டு முதல்ல பாருங்க" என்றார். கப்பல் செய்தால் சரக்கை இறக்குவது, அலுவலர் செய்தால் கடமையை ஆற்றுவது, நீதவான் செய்தால் சந்தேகநபரை விடுவிப்பது, தொழிற்சாலை செய்தால் கழிவைக் கடலில் விடுவது. வைத்தியர் செய்தால் என்ன என்று கேட்டேன். "வீட்ட அனுப்புறது" என்று சிரித்தார்.

அந்தச் சொல்லை அவருக்காகவே எழுத வேண்டிவருமென்று நான் நினைத்ததில்லை. வயிற்றில் புற்றுநோய். நகர ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. கொழும்புக்கு மாற்றவேண்டும், அங்கே கட்டில் கிடைக்கும்வரை பொறுங்கள் என்றார் வைத்தியர். அக்காவோ வீட்டுக்குப் போகவேண்டுமென்று நின்றார். அப்படியானால் எழுத்தில் கேளுங்கள் என்றுவிட்டார் வைத்தியர். அக்காவின் வலது கையில் ஊசி ஏறியிருந்தது.

"நீங்க எழுதுங்க தம்பி. டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லி இங்கிலீசில எழுதுங்க, ஒப்பம் நான் வைக்கிறன். எண்ட குசினியில இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும்."

அவர் சாகக்கூடாது, எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. கொழும்பில் கட்டில் கிடைத்தால் பிழைத்துவிடுவார் என்று வெறிபிடித்தவன் மாதிரி நம்பினேன். பிழையுள்ள கடிதத்தில் அவர் ஒப்பம் வைக்கமாட்டார். ஆகவே வேண்டுமென்றே பிழையாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை கொண்டுபோனதில் நோயாளி வைத்தியரை டிஸ்சார்ஜ் செய்வதாக இருந்தது. இடது கையால் திருத்தித் தந்தார். புதன்கிழமை கொண்டுபோனதில் வாட்டு இலக்கமும் பிழை, வினைச்சொல்லின் காலமும் பிழை. தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இவ்வளவு பிழை நீங்க உடமாட்டீங்களே, தம்பி. என்னைக் கொழும்புக்கு அனுப்பத்தானே பாக்குறீங்க?"

"இல்ல அக்கா, கண்ணாடி மாத்தவேணும். நாளைக்கு நல்லதாக் கொண்டு வாறன்."

"ஓம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரோடு பேசிய கடைசிக் கதை அந்தப் பொய்தான்.

கொழும்பில் கட்டில் கிடைக்கவேயில்லை.

அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோன ஜனாஸா வாகனம் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணீர் மறைத்து இரண்டு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வீட்டு முற்றத்தில் ஆண்களோடு நின்ற என்னிடம் மகள் வந்தாள். "விடியக்காலையில உம்மா கேட்டா, தம்பி கடிதம் கொண்டந்துட்டாரா எண்டு."

அதற்கான பதிலை உங்களுக்கே சொல்கிறேன், அக்கா. திங்கட்கிழமையே எழுதிவிட்டேன். ஒரு பிழையுமில்லாமல், நீங்கள் ஒரே பார்வையில் ஒப்பம் வைக்கும்படி எழுதினேன். இரண்டு நாளும் உங்கள் கட்டிலோரத்தில் நின்றபோது அது என் சட்டைப் பையில் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நீங்கள் போகக் கேட்ட வீட்டில் உங்களை அன்று பின்னேரம் அசர் தொழுகைவரைதான் வைத்திருந்தார்கள். போய் வாருங்கள், அக்கா.