பூச்சிக்குள்ள மருந்து

அந்த வீட்டில் தரையில் இருக்கக்கூடாத சாமான் எல்லாம் அலமாரி மேல் இருந்தது. கத்தரிக்கோல், ஊசி டப்பா, பினாயில், தீப்பெட்டி, காய்ச்சல் மருந்து, சவரக்கத்தி. அப்பு தவழத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறியவை. எதை எடுப்பதானாலும் ஸ்ரீலட்சுமி நாற்காலி போட வேண்டும். நாற்காலியில் ஏறும்போதெல்லாம் அவள் இடது முட்டி ஒரு சத்தம் போடும்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறாள். கணவன் தாணு அதே தெருவின் மறுகோடியில் அரிசி மொத்தக் கடையில் மேனேஜர். இரண்டு பேரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். பிழைக்க வந்த மலையாள ஊரில், ஸ்ரீவராகத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூத்தவள் ஆர்ஷா ஆறாம் வகுப்பு. அவளோடு போதும் என்று இருந்தபோது, யாரும் எதிர்பாராமல் பிறந்தவன் அப்பு. ஸ்ரீலட்சுமியும் எதிர்பார்க்கவில்லை. முதல் பிள்ளையைத் தூக்கிய முதுகு இரண்டாவது பிள்ளைக்குத் தாங்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மழை பிடித்ததும் சுண்டெலி வந்தது. முதலில் பிஸ்கட் பாக்கெட் போயிற்று, பிறகு அப்புவின் ராகிப் பொடி, அதற்குப் பிறகு ஆர்ஷாவின் பள்ளிக்கூடப் பையில் ஒரு மூலை. காலையில் அடுக்களை மேடையில் கறுப்பு அரிசி மாதிரிப் புழுக்கை கிடக்கும். தரையில் கிடந்த ஒன்றை அப்பு பொறுக்கி வாய்க்குக் கொண்டு போனான். நல்லவேளை, ஸ்ரீலட்சுமி பார்த்துவிட்டாள். அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது அவளுக்கு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்கிற மாதிரி ஒரு பழக்கமாகியிருந்தது. எலிப்பனி என்று இந்த ஊரில் சொல்லும் எலிக்காய்ச்சலைப் பற்றி மழை வந்தாலே பேச்சுதான். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

வீட்டில் பூனை இல்லாமல் இல்லை. ஆர்ஷா மழையில் தூக்கி வந்த மஞ்சள் பூனை. பேர் பப்படம். மத்தி மீன் தவிர எதையும் அது தின்னும் பொருளாக மதித்ததில்லை. ஒருநாள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டெலி அதன் பாத்திரத்தை ஒட்டி ஓடியது. பப்படம் வாலை நகர்த்தி வழிவிட்டது.

"சொந்தக்காரன் போல," என்றான் தாணு.

"அப்பா சும்மா இரி. என்ற பூச்ச பாவம்," என்றாள் ஆர்ஷா.

மலையாளத்தில் பூனை பூச்ச. பள்ளிக்கூடத்தில் மலையாளம் பேசிப் பேசி அவளுக்கு அதுதான் வாயில் வரும். ஸ்ரீலட்சுமியின் காதில் ஒவ்வொரு தடவையும் அது பூச்சி என்றே விழும். பப்படத்தை விரும்பிய இன்னொருவன் அப்பு. அதன் பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை எடுத்துத் தின்பதில் அவனுக்குத் தனி ஆசை.

ஸ்ரீலட்சுமி முதலில் பசை அட்டை வாங்கி வைத்தாள். எலி வரவில்லை, பப்படம் வந்தது. அட்டையைக் காலில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடி, கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்க் கத்தியது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்து அதை விடுவிப்பதற்குள் அவள் கையெல்லாம் பிறாண்டல். அதோடு அட்டை போயிற்று.

"ஓட்டைய அடைக்காம எலியப் புடிச்சா, குழாயத் தொறந்து விட்டுட்டு தண்ணியத் தொடைக்கிற மாதிரி," என்றார் கடை முதலாளி லிங்கம் அண்ணாச்சி. "ஸ்டீல் நாரு திணிச்சு சிமெண்டு பூசு. கடையிலயே எல்லாம் கெடக்குல்லா?"

கிடந்தது. பூசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் துணி துவைப்பதில் போயின.

ஒரு சாயங்காலம் தாணு சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

"என்ன இது?"

"கேக்கு."

"யாருக்குப் பொறந்தநாளு?"

"எலிக்கு."

அவள் பிரித்துப் பார்த்தாள். நீல நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். தவிட்டு மணம் அடித்தது.

"அட்டப்பெட்டி எங்க?"

"பையில கொள்ளல. தூரப் போட்டாச்சு."

"இதத் தின்ன எலிய பப்படம் தின்னா?"

"அது எலியத் தின்னா நான் ஏன் கேக்கு வாங்கப்போறேன்?"

"அப்பு எடுத்தா?"

தாணு மேலே பார்த்தான். "பரண்ல வெப்போம்," என்றான்.

"பரண்ல வெச்சத எலி கீழ உருட்டும். தரையில கெடந்தா ஒம்ம மவன் வாயில போகும். சவத்த நாளைக்கே திருப்பிக் கொண்டு குடுங்க. வெஷம் இந்த வீட்டுல வேண்டாம்."

"செரி, செரி."

மறுநாள் மறந்துவிட்டான். அதற்கடுத்த நாளும் மறந்தான். பொட்டலம் அலமாரி மேல் காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தது ஸ்ரீலட்சுமிதான்.

பகலில் அப்புவைப் பார்த்துக்கொள்வது பிஜி. விழிஞ்ஞத்திலிருந்து காலையில் பஸ் ஏறி வருவாள். இந்த வீட்டில் தான் பேசுவது தமிழ் என்று பிஜி நம்பியிருந்தாள். பிஜியிடம் தான் பேசுவது மலையாளம் என்று ஸ்ரீலட்சுமி நம்பியிருந்தாள். இதுவரை இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அந்த வாரம் குழந்தைகள் டாக்டர் அப்புவுக்கு வயிற்றுப் பூச்சிக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் கொடுக்க வேண்டியதை ஸ்ரீலட்சுமி மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். கடையில் பில்லுக்கு ஆள் வரிசையில் நின்றபோது ஞாபகம் வந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"பிஜி, அலமாரி மேல பூச்சிக்குள்ள மருந்து இருக்கு. எடுத்துக் குடுத்திரு."

"செரி சேச்சி."

பூச்சிக்கான மருந்து என்றாளே தவிர, யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. பூச்சி மருந்தைப் பிள்ளைக்கல்லாமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

கொஞ்ச நேரம் கழித்து பிஜியே கூப்பிட்டாள்.

"சேச்சி, மருந்நு கொடுத்து. ஆனா அது தின்னுன்னில்ல."

"துப்புகானா? மூக்கப் புடிச்சு ஊத்து."

"ஊத்தானோ? இது கட்டியல்லே சேச்சி? நீலக் கட்டி."

ஆணிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற வாடிக்கையாளர் பிறகு சொன்னார், அந்தம்மாளின் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று என்று.

"பிஜி. அத யாருக்குக் குடுத்தே?"

"பூச்சக்கு. சேச்சி அல்லே பறஞ்ஞது, பூச்சக்குள்ள மருந்நுன்னு?"

"அப்பு எங்க?"

"இவிட உண்டு. பாத்திரத்துக்கு அடுத்து." பிஜியின் குரல் இறங்கியது. "ரெண்டு கட்டி வெச்சு, நான் துணி விரிக்கான் போயி. இப்போ ஒண்ணு காணான் இல்ல சேச்சி."

இரண்டு வைத்தாள். ஒன்றைக் காணவில்லை. பூனை தின்றதா, பிள்ளை தின்றதா?

"அது எலி வெஷம், பிஜி. அவனத் தூக்கு. வாயில விரல விட்டுப் பாரு. கைய சோப்புப் போட்டுக் கழுவு. மிச்சத்தக் களையாத, டப்பாவுல போட்டு மூடு. நான் வாறேன்."

ஆட்டோவில் உட்கார்ந்து தாணுவுக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினான். "பேரு வேணும்," என்றாள். "அந்தக் கேக்கோட அட்டப்பெட்டி வேணும். வாங்கின கடையில போயி வேற ஒண்ணு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

வீட்டு வாசலில் பிஜி அப்புவை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். அப்பு அழவில்லை. அம்மாவை இந்த நேரத்தில் பார்த்ததில் சிரித்தான். வாயில் நீலம் இல்லை. வலது கைப் பெருவிரலில் மட்டும், கழுவிய பிறகும், மை மாதிரி லேசாக ஒரு சாயம்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். "அம்மூம்மயா?" என்று கேட்டாள்.

"அம்மா," என்றாள் ஸ்ரீலட்சுமி. வேறு நாளாக இருந்தால், பாட்டியா என்ற இந்தக் கேள்வி அவளைச் சாயங்காலம் வரை குடைந்திருக்கும்.

தாணு சட்டை நனைந்து ஒட்ட ஓடிவந்து பெட்டியை நீட்டினான். டாக்டர் அதைப் படித்தாள், டப்பாவில் இருந்த மிச்சக் கட்டியைப் பார்த்தாள்.

"இது ரத்தம் உறையாம ஆக்குற வகை. தின்னிருந்தாலும் இன்னைக்கு ஒண்ணும் காணிக்காது. ஒரு கடி கடிச்சாலும் நக்கினாலும் பெரும்பாலும் ஒண்ணும் வராது. எவ்வளவு தின்னான்னு தெரியாததால ரெண்டு நாள் கழிஞ்ஞு பிளட் எடுத்துப் பாக்கலாம். ஈறுல, மூக்குல, மலத்துல சோப்பு நிறம் கண்டா உடனே கொண்டு வரணும்." தாணுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோப்புன்னா சிவப்பு," என்று திருத்தினாள். "வாந்தி எடுக்க வெக்காண்டாம். நாட்டு மருந்தும் வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது தாணு சொன்னான்: "நான் அன்னைக்கே திருப்பிக் கொண்டு போயிருக்கணும்."

"ஆமா," என்றாள். அதற்கு மேல் சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆர்ஷா விஷயத்தைக் கேட்டு, பப்படத்தின் வாயைத் திறந்து பார்த்தாள். அதன் ஈறு எப்போதும் போல வெளிர் ரோஜா நிறத்தில்தான் இருந்தது. "அம்மா சொன்னது புழுவோட மருந்து. பிஜிச்சேச்சி கேட்டது பூனையோட மருந்து," என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அம்மாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பிஜி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் இனி வரணோ சேச்சி?"

"நாளைக்கு வா. சீக்கிரம் வா. சாமான் நகத்தணும்."

ஸ்ரீலட்சுமி கடைக்கு லீவு சொன்னாள். காத்திருக்கிற நேரத்தில் சும்மா உட்கார்ந்தால் அப்புவின் ஈறைப் பார்க்கத் தோன்றியது. அதனால் உட்காரவில்லை. பிஜி பிள்ளையை வைத்துக்கொள்ள, அவளும் தாணுவும் கேஸ் சிலிண்டரை நகர்த்தினார்கள், அரிசிப் பானையை நகர்த்தினார்கள். புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து ஊறவிட்டுத் துணியால் துடைத்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

"இதுக்குள்ளயா வருகு?" என்றான் தாணு நம்பாமல்.

"தல நொழஞ்சா போதும். உடம்பு பின்னால வந்திரும்."

ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினாள். பின்கதவுக்கு அடியில் தகரப் பட்டை அடித்தாள். அரிசி, பருப்பு, ராகி எல்லாம் மூடி இறுகிய டின்னுக்குள் போயின. உள்ளேயே மாட்டிக்கொண்ட எலிகளுக்காகத் தேங்காய்ச் சில் குத்திய கூண்டுப்பொறி ஒன்றை அப்புவுக்கும் பப்படத்துக்கும் எட்டாத பரணில் வைத்தார்கள். அதில் விழுந்தவற்றைத் தாணு காலையில் எடுத்துக்கொண்டு போவான். எங்கே, என்ன செய்தான் என்று ஆர்ஷா கேட்கவில்லை. மருந்துகள் மட்டும் பூட்டு வைத்த பெட்டிக்கு மாறின. அலமாரி மேல் இருந்த பொட்டலம் வந்த கடைக்கே திரும்பிப் போயிற்று.

பிஜி கூட்டு வைக்கலாம் என்று பீட்ரூட் வாங்கி வந்திருந்தாள். ஸ்ரீலட்சுமி அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சிவப்பாக எதையும் அந்தப் பிள்ளை இப்போது தின்ன வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை நன்றாகவே வந்தது. "ஒண்ணும் இல்ல, தின்னிருக்க மாட்டான்," என்றாள் டாக்டர். தாணு அப்போதே சாமி கும்பிட்டுவிட்டான். ஸ்ரீலட்சுமி தலையாட்டினாள். ஆனாலும் தினமும் காலையில் அவனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உதட்டை விலக்கிப் பார்ப்பதை விடவில்லை. கட்டி எங்கேயாவது போயிருக்க வேண்டுமே. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அப்புவின் விளையாட்டுச் சாமான் கூடைக்குள் எல்லாம் தேடியாயிற்று. காணவில்லை.

அடுத்த வாரம் அடுக்களையில் நாற்றம் எடுத்தது. முதலில் மீன் என்று நினைத்தார்கள், பிறகு சாக்கடை என்று. தாணு மண்டியிட்டு, தொட்டிக்கு அடியில் புதுச் சிமெண்டில் மூக்கை வைத்தான். உடனே எழுந்துவிட்டான்.

"உள்ள ஒண்ணு செத்துக் கெடக்கு," என்றான். பிறகு மெதுவாக, "கூண்டு வெச்சதுக்கு இது சாவாதுல்லா. அது கேக்குத் தின்ன எலி. நம்ம கட்டி அங்கதான் போயிருக்கு."

ஸ்ரீலட்சுமியும் குனிந்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"ஒடச்சு எடுக்கட்டா?"

"வேண்டாம். அடைச்சது அடைச்சதா இருக்கட்டு. நாறி முடிஞ்சா தானே நிக்கும்."

"சோறு எப்படித் திங்க?"

"ஜன்னலத் தொறந்து வெச்சுத் தின்னும்."

பிஜி துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்ரீலட்சுமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, "எந்து ஆச்சு சேச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு சாயா போடு. நாளைக்குக் காலைல பூச்சி—" நிறுத்திக்கொண்டாள். "அப்புவுக்கு, அப்புவோட வயித்துக்கு, குப்பியில இருக்க மருந்த நானே குடுத்துட்டுப் போறேன்."

"இனி நான் அதைப் பப்படம்னே விளிப்பேன் சேச்சி. பூச்சன்னு வாயில வராது."

பேர் காதில் விழுந்தோ என்னவோ, பப்படம் உள்ளே வந்தது. தொட்டிக்கு அடியில் போய், சிமெண்டுப் பூச்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, காதை முன்னால் விட்டுச் சுவரையே பார்த்தது.

"இப்பதான் டூட்டிக்கு வந்திருக்கு," என்றான் தாணு.

ஸ்ரீலட்சுமிக்குக் கண்ணை மூட வேண்டும் போல் இருந்தது. அந்த நாற்றத்தில் தூங்கிவிடக்கூட முடியும் என்று தோன்றியது. அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பு தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். நேராகப் பப்படத்தின் பாத்திரத்தை நோக்கி. அதில் மத்தி முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை. தாணு பூனையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பிஜி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

முள்தான். ஆனாலும் முள். ஸ்ரீலட்சுமி ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.