தோட்டா இருக்கும் பை

தொண்டாமுத்தூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் பக்கத்தில் இருக்கும் விவசாயியின் மடியில் துணி உறை போட்ட துப்பாக்கி. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கிப் போகிறாராம். எனக்குச் சும்மாவே பயம். குழாயின் முனை என் பக்கம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

"ஏனுங்க, இது நிக்காமச் சுடுமுங்களா?"

சிரிக்கிறார். "அதுக்கெல்லாம் நம்மளுக்கு ஆருங்க லைசென்ஸ் தருவாங்க? இது ஒருக்கா சுட்டா மறுக்கா தோட்டா போடோணும். பன்னிய வெரட்ட ஒரு சத்தம் போதுமுங்க."

"இப்ப உள்ள தோட்டா இருக்குதுங்களா?"

"அது அங்க இருக்குதுங்க." முன்னால், பெண்கள் இருக்கையில், அவர் மனைவி ஒரு மஞ்சப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். "ஊட்டுலயும் அவகிட்டத்தான். எதுக்குன்னு கேக்காமத் தரமாட்டா."

எங்கள் வீட்டிலும் துப்பாக்கி அப்பாவிடம், தோட்டா அம்மாவிடம். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு முற்றிய அன்று அப்பா வந்து கையை நீட்டினார். "எதுக்குங்க?" என்றார் அம்மா. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அப்பா கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா காலமானபின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். பிறகு அம்மாவும் போய்விட்டார்.

பஸ் உறுமுகிறது. விவசாயியின் மனைவி திரும்பிப் பார்க்கிறார்.

"ஏனுங்க, அவுங்க பயந்துக்கறாங்க பாருங்க. குழாய மேல பாத்து வெய்ங்க."

அவர் உடனே திருப்பி வைக்கிறார். அப்படி ஒரு குரலைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது.