கடலை சிந்தாத வண்டி

கல்யாணமான புதிதில் என் மனைவியை வேலந்தாவளத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. என் வண்டி வேகமான வண்டி, அவ்வளவுதான் காரணம்.

எழுபதுகளில் எங்கள் எலப்புள்ளிப் பக்கம் மோட்டார் சைக்கிளே அபூர்வம். அதில் வேகமாகப் போகிறவை இரண்டோ மூன்றோதான். அவற்றில் ஒன்று என்னுடையது. சிவப்பு டூ ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் சைலன்சர். பெட்ரோலில் ஆயில் கலந்து குடிக்கும், நீலப் புகை விடும். கிளப்பினால் வரப்பில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் டாங்க்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுவேன். அப்படிப் படுத்தால் காற்று வழிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காற்று வழிவிட்டதோ என்னவோ, சட்டைப் பித்தான்கள் எல்லாம் உரசி உதிர்ந்து போயின. அப்பா அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார். வண்டிக்கு மட்டும் வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் கல்பாத்திக்காரன், பாங்கில் குமாஸ்தா. வாரம் முழுக்க மெதுவாகக் கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த மெதுவுக்கெல்லாம் பழிவாங்குகிறவன். இன்னொருவன் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். ஞாயிறு காலையில் மூவரும் வாளையார் வரை பந்தயம் விடுவோம். தோற்றவன் பிளக்கில் கரி பிடித்துவிட்டது என்று சொல்வான். நான் பெரும்பாலும் பிளக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கையில்தான் கல்யாணம். பெண் மூணாறுப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் அப்பாவும் எங்கள் சனம்தான். பிழைப்புக்கு மலையேறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால், அங்கே எல்லோரும் பேசுகிற தெற்கத்தித் தமிழ்தான் அவளுக்கும் வந்தது. "என்ன பண்ணுதீங்க?" என்று அவள் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ரசிப்பார்கள். நாங்கள் "ஊட்டுக்குப் போலாமுங்க" என்றால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பேச்சு இனிமேல்தான் பொருந்த வேண்டும்.

ஒரு சந்தை நாளில் அவளை வேலந்தாவளத்துக்குக் கூட்டிப்போனேன். வளையல் வாங்க என்று அவளிடம் சொன்னேன். சந்தைக்கு வந்த கூட்டம் என் வண்டியைப் பார்க்கட்டும் என்பது நான் சொல்லாத காரணம். திரும்பும்போது மாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. அவளை இறங்கச் சொல்லி, வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, மறுபடி உதைத்துக் கிளப்பினேன். அவள் ஒரு கையில் சேலையைப் பிடித்துக்கொண்டு கால்படியில் பாதம் வைத்தாள். வைத்தாள் என்றுதான் எனக்குத் தெரியும். எடுத்துவிட்டாள் என்பது தெரியாது. கிளட்சை விட்டேன். வெட்டுக்கிளி பறந்தது.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். பிக்கப் எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. மலைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வளைவில் வண்டியை நன்றாகச் சாய்த்து எடுத்துவிட்டு, "பயந்துட்டயா?" என்றேன். அதற்கும் பதில் இல்லை. தைரியமான பெண் என்று மெச்சிக்கொண்டேன்.

வாசலில் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டா, புள்ள எங்க?"

"பின்னால" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது, பெற்றவளின் மரியாதையைக் காப்பாற்ற வேண்டும்.

நான் வண்டியைத் திருப்புவதற்குள் ரோட்டில் டப், டப், டப் என்று ஒரு சத்தம். அவசரமே இல்லாத சத்தம். அப்பாவுக்கு மாடு பிடித்துக் கொடுக்கும் தரகர் தன் புல்லட்டில் வந்துகொண்டிருந்தார். சீட்டை நிறைத்து உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, சாமி ஊர்வலம் வருகிற மாதிரி வந்தார். பின்னால் என் மனைவி. ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் காகிதப் பொட்டலம் வைத்து, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

"ஏனுங் தம்பி, உங்க சரக்கு ஒண்ணு சந்தையில நின்னுட்டுதுங்க" என்றார் தரகர்.

அவள் இறங்கினாள். பொட்டலத்தை என் கண்ணுக்கு நேரே காட்டினாள். "வேலந்தாவளத்துல வாங்கினது. ஒரு கடலை சிந்தல. இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். கோபம் ஆறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. சிரித்தாள், பரிமாறினாள், என் பித்தான்களைத் தைத்துக் கொடுத்தாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை. அதற்குள் தலை தீபாவளி வந்துகொண்டிருந்தது. மாமனார் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து முறையாக அழைத்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி அவள் தன் ஏற்பாட்டைச் சொன்னாள்.

"நான் பஸ்ஸுல போயிருதேன். நீங்க உங்க வெட்டுக்கிளியில வாங்க. முன்னாடி போய்ட்டீங்கன்னா அம்மாகிட்ட சொல்லுங்க, பொண்ணு பின்னால வருதாள்னு."

தலை தீபாவளிக்குப் பெண் பஸ்ஸிலும் மாப்பிள்ளை பைக்கிலுமாகத் தனித்தனியே போய் இறங்கினால் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கதவுக்குக் கதவு என்ன பேசுவார்கள்? நானும் பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூணாறு மலை ரோட்டில், மைத்துனன்கள் பார்க்க, சொந்த வண்டியில் பெண்டாட்டியோடு போய் இறங்குவது என்று கல்யாணத்துக்கு முன்பே மனசுக்குள் படம் ஓட்டி வைத்திருந்தேன். அதிலிருந்து பெண்டாட்டியைக் கழித்துப் பார்த்தேன், வண்டியைக் கழித்துப் பார்த்தேன். இரண்டு விதத்திலும் படம் ஓடவில்லை.

டீக்கடையில் நண்பர்களிடம் மெதுவாக எடுத்தேன். "புல்லட் ஒண்ணு பாக்கலாமான்னு..."

கல்பாத்திக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். "புல்லட்டா? அது இன்ஸ்பெக்டரும் ரிட்டயர் ஆனவாளும் ஓட்டற வண்டியாக்கும். ஏறி உக்காந்த அன்னிக்கே நோக்குத் தொந்தி வந்துடும், பாத்துக்கோ."

"அதுல பிஸ்டன் ஒருக்கா மேல போய்ட்டு வாரதுக்குள்ள நாம டீ குடிச்சுட்டு வந்தரலாம்" என்றான் ஃபிட்டர். கையிலிருந்த டீயை முடித்துவிட்டுச் சொன்னான், "ஆனா அந்தச் சத்தம் இருக்குது பாரு. காதுல கேக்கறதில்லப்பா. நெஞ்சுக்குள்ள அடிக்குது."

"சத்தத்தை வச்சுண்டு என்னடா பண்றது? பந்தயத்துல ஜெயிக்குமோ?"

"இவன் இதுலயே ஜெயிக்கறதில்லையே."

அடுத்த சந்தையில் தரகரைப் பிடித்தேன். புல்லட் வேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் மழை, நெல், மாட்டு விலை என்று சுற்றி வளைத்தேன். அவர் என் வெட்டுக்கிளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்தார்.

"நல்ல ரேக்ளாக் காளைங்க. ஓடும். ஆனா ஏர்ல கட்ட முடியாதுங்க." தன் புல்லட்டின் சீட்டில் தட்டினார். "இது உழவு மாடு. ஓட்டிட்டுப் போங்க. தீவாளிக்குப் போய்ட்டு வந்து, பிடிச்சா வெச்சுக்குங்க. பிடிக்கலீன்னா அடுத்த சந்தையில கொண்டாந்து கட்டிருங்க. அதுவரைக்கும் உங்க காளை எங்கிட்ட நிக்கட்டும்."

அங்கே மாடு அப்படித்தான் கைமாறும். வீட்டுக்கு ஓட்டிப்போய் ஏர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அந்த முறை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் உதையிலேயே புல்லட் என்னைத் திருப்பி உதைத்தது. "நடுவுல முள்ளு நிக்குதான்னு பாத்துட்டு உதைங்க தம்பி" என்றார். மீட்டரில் முள்ளைப் பார்த்து உதைத்தேன். டப், டப் என்று எழுந்தது. சந்தையே பார்க்க, ராஜா மாதிரி நகர்ந்தேன். எதிரே ஒரு எருமை வந்தது. வலது காலால் பிரேக்கை மிதித்தேன். என் பழைய வண்டியில் பிரேக் வலது பக்கம். புல்லட்டில் வலது பக்கம் இருப்பது கியர். பிரேக் இடது பக்கம். இந்தச் செய்தி என் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வண்டி ஒரு வைக்கோல் வண்டியின் பின்பக்கத்தில் மூக்கைச் செருகி நின்றது. எருமை என் தோளில் இருந்த வைக்கோலை மரியாதையாக எடுத்துத் தின்றது.

வீட்டில் அவள் புல்லட்டைச் சுற்றிப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கி மறு பக்கம் உட்கார்ந்தாள். கால் வைக்கிற கட்டையை ஆட்டிப் பார்த்தாள்.

"வண்டி சரிதான். ஓட்டுத ஆளுதான் பழைய ஆளு."

"மெதுவா ஓட்டறேன்."

"நான் ஏறிட்டேனான்னு பாத்துட்டுக் கெளப்புவீங்களா?"

"கேட்டுட்டுக் கெளப்பறேன்."

"உடுமலைப்பேட்டை வரைக்கும் வருதேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுனீங்க, அங்கேயே இறங்கி பஸ் ஏறிருவேன்."

பரீட்சைக்கு இடம் குறித்தாகிவிட்டது.

நண்பர்கள் இருவரும் மலையடிவாரம் வரை வழியனுப்ப வருவதாகச் சொன்னார்கள். கேலி பண்ணத்தான் வந்தார்கள். விடியும்போது கிளம்பினோம். அவள் முந்தின நாள் முழுக்க முறுக்குப் பிழிந்து, அந்த டின்னை இடுப்போடு அணைத்து வைத்திருந்தாள். பொள்ளாச்சி போவதற்குள் அந்த இரண்டு பேரும் நாலைந்து தடவை முன்னே பறந்து, திரும்பி வந்து, "ரோடு ரோலருக்கு வழி விடுங்கோ" என்று கத்திவிட்டு மறுபடி பறந்தார்கள். என் வலது கை தன்னாலேயே முறுக்கப் பார்த்தது. புல்லட் கண்டுகொள்ளவில்லை. அதன் வேகம் அதற்கு.

நான் மட்டும் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் கேட்டேன். "இருக்கறயா?"

"இருக்கேன்."

மெதுவாகப் போவதில் ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. பின்னால் இருப்பவர் பேசுவது கேட்கும். அவள் பேசிக்கொண்டே வந்தாள். எஸ்டேட்டில் தன் அம்மா கொழுந்து பறிக்கும்போது அட்டைக்குப் பயந்து பாட்டுப் பாடுவது, முதலில் என்னைப் பார்த்தபோது பித்தான் இல்லாத சட்டையைப் பார்த்து ஏழை வீடு என்று நினைத்தது, எல்லாம். கல்யாணமாகி அத்தனை நாளில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெட்டுக்கிளியில் வந்திருந்தால் அதெல்லாம் காற்றோடு போயிருக்கும்.

பொள்ளாச்சி தாண்டி இரண்டு பக்கமும் புளியமரம் கவிந்த ரோடு. மழை ஈரம் காயாத வாசனை. உடுமலைப்பேட்டை கிட்டத்தில் வந்துவிட்டது.

"இருக்கறயா?"

பதில் இல்லை.

மறுபடியுமா? முறுக்கு டின்னோடு எந்தப் புளியமரத்தடியில் நிற்கிறாளோ! பிரேக்கை மிதிக்கப் போனேன். நல்ல வேளை, எந்தக் கால் என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்த அந்த நேரத்தில் முதுகில் ஒரு பாரம் தெரிந்தது. சூடான, கனமான பாரம். அவள் கை என் இடுப்பைச் சுற்றியிருந்தது. அவள் தலைதான் என் தோள்பட்டைக்குக் கீழே சாய்ந்திருந்தது.

தூங்கிவிட்டிருந்தாள்.

என் வண்டியில் ஏறவே மாட்டேன் என்றவள்.

நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். ஒரு கையால் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியை மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கினேன். முன்னே போன இரண்டு பேரும் என்னைக் காணோமென்று திரும்பி வந்தார்கள். கல்பாத்திக்காரன் வாயைத் திறந்தான். நான் கண்ணை உருட்டினேன். அவன் பின்னால் எட்டிப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பிறகு நடந்ததை வாளையார் ரோட்டில் யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அந்த இரண்டு பேய் வண்டிகளும் கியரைக் குறைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல், எனக்குப் பின்னால் வரிசையாக வந்தன. ஒரு சைக்கிள்காரர் எங்கள் மூவரையும் முந்திக்கொண்டு போனார். போகும்போது மணி வேறு அடித்தார்.

உடுமலைப்பேட்டையில் டீக்கடை வாசலில் நிறுத்தியதும் அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் எதிரிலேயே இருந்தது, மூணாறு பஸ்ஸும் நின்றிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டின்னைத் திறந்து முறுக்கு எடுத்து மூவருக்கும் கொடுத்தாள். ஒன்றுகூட நொறுங்கவில்லை.

கல்பாத்திக்காரன் முறுக்கைக் கடித்துக்கொண்டே அவளிடம் கேட்டான், "முதுகு வலிக்கலையோ?"

"தூங்கிட்டேன்ணா. எப்படித் தெரியும்?"

அவன் வீட்டம்மா அவன் வண்டியில் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. அவன் புல்லட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். யாரும் பார்க்காத மாதிரி சீட்டை அழுத்திப் பார்த்தான். பிறகு என் காதருகே குனிந்து, "அந்தத் தரகர் இந்த வாரம் சந்தைக்கு வருவாரோ?" என்றான்.

"வருவாரு" என்று எனக்குப் பதிலாக ஃபிட்டர் சொன்னான். "ஆனா வரிசையில நான் முன்னாடி."

அவர்கள் அங்கிருந்தே திரும்பினார்கள். நாங்கள் மலைப் பக்கம் போகத் தயாரானோம். அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். முள்ளைப் பார்த்து உதைத்தேன். டப், டப், டப்.

"இருக்கறயா?"

"இருக்கேன். நீங்க ரோட்டப் பாருங்க."